வயித்துப் பிள்ளைக்கும் கைப்பிள்ளைக்கும் அரசாங்கம் தாற போஷாக்கு உதவிய ஒண்டும் விடாம எப்பிடி எடுக்கிற

போன கிழம மட்டக்களப்பு மண்டூர்ப் பக்கம் போக குருமண்வெளித் துறையில பாதை, அதுதான் வாவியக் கடக்க ஆக்கள ஏத்துற மிதவை, வரும் வரைக்கும் நிண்டு கொண்டிரிக்கக்குள்ள எனக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சியக் கண்டன், வயிறு நல்லாத் தெரியுது, எத்தினை மாசம் புள்ள எண்டு கேட்டா அஞ்சு எண்டாள், எந்த கிளினிக்குக்கு போற எண்டு கேட்டா இன்னும் பதியல்ல அக்கா, கண்ணூறு படும் ஏழாம் மாசத்தில போய் பதிவம் எண்டு மாமி சொன்னவ எண்டாள். எனக்கு நெஞ்சு பத்திட்டு. பாதை அக்கர போய்ச் சேரும் வரைக்கும் அவளுக்கு இதத்தான் சொல்லிக் கொண்டு போன நான், சொல்லச் சொல்லத்தான் விளங்கினது இத எத்தினையோ பேருக்கு ஆரும் ஒழுங்கா இருந்து சொல்லல்ல எண்டு, அதால அவளுக்குச் சொன்னத இஞ்ச எழுதிப் போடுறன்.

முதல்ல ஒண்ட மனசில வச்சிக்கொள்ளுங்க. திரிபோஷா எண்ட சத்துமா, சாப்பாட்டுச் சாமான் எடுக்கிற வவுச்சர், இரும்புச்சத்துக் குளிசை, பிள்ளைக்குக் குடுக்கிற விற்றமின், எல்லாம் வேற வேற ஒபிஸ் வேற வேற ஆக்கள் குடுக்கிற மாதிரித் தெரிஞ்சாலும் எல்லாத்துக்கும் வாசல் ஒண்டுதான், உங்கட ஊருக்குப் பொறுப்பான மிட்வைஃப் மிஸ்ஸுட பதிவுப் புத்தகம். அதில உங்கட பேர் ஏறினாத்தான் மத்தது எல்லாம் அசையும். அதோட இந்த உதவி எல்லாம் மாசக் கணக்கில வாறது, போன மாசத்துத் திரிபோஷாவ வயித்தில இரிக்கிற பிள்ளைக்கு அடுத்த வருசம் குடுக்க ஏலா. பிந்திப் பதிஞ்சா பிந்தின அளவு போனதுதான்.

அப்ப எப்ப பதியிற? நாள் தள்ளிப் போனது தெரிஞ்ச உடனே. சுகாதாரப் பகுதி சொல்ற கணக்கு 8 கிழமைக்குள்ள, அதாவது ரெண்டு மாசம் முடிய முதல். கண்ணூறுக்குப் பயந்தா பயப்படுங்க, ஊருக்குச் சொல்லாதீங்க, மிஸ்ஸுக்கு மட்டும் சொல்லுங்க, அவ வீடு வீடா போய்ச் சொல்ற ஆள் இல்ல. இன்னும் கேட்டா கலியாணம் முடிச்ச உடனேயே பேரைக் குடுக்கலாம், புதுசா கலியாணம் முடிச்ச சோடிகளையும் அவங்க பதியிறாங்க, பிள்ள தங்க முதலே போலிக் அசிட் குளிசை தருவாங்க, பிள்ளட முள்ளந்தண்டும் மூளையும் உருவாகிறது அம்மாவுக்கு தான் மாசமா இரிக்கிறதே சரியாத் தெரியாத அந்த முதல் கிழமைகளிலதான், அதால அந்தக் குளிசைய முன்னமே தொடங்கினாத்தான் பிரயோசனம்.

எங்க போறது எண்டா, மட்டக்களப்பு மாவட்டத்தில களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி, காத்தான்குடி, ஏறாவூர், செங்கலடி, வாழைச்சேனை, வவுணதீவு, வெல்லாவெளி, வாகரை எண்டு ஒவ்வொரு பகுதிக்கும் எம்ஓஎச் ஒபிஸ், அதாவது சுகாதார வைத்திய அதிகாரிட பணிமனை, இரிக்கு. அம்பாறை மாவட்ட ஆக்களுக்கு ஒரு விசயம், அங்க சுகாதாரப் பணிமனை ரெண்டு, அம்பாறைக்கு ஒண்டு கல்முனைக்கு ஒண்டு, காரைதீவு நிந்தவூர் சம்மாந்துறை அக்கரைப்பற்று திருக்கோவில் பொத்துவில் எல்லாம் கல்முனைப் பணிமனைக்குக் கீழதான் வருது, அதால மேல முறைப்பாடோ விசாரிப்போ இரிந்தா அம்பாறை டவுனுக்கு பஸ் ஏறி அலையாதீங்க. ஆனா சாதாரணமா நீங்க எம்ஓஎச் ஒபிசுக்கே போகத் தேவல்ல, உங்கட கிராமத்துக்கு எண்டு ஒரு மிஸ் இரிப்பா, கிளினிக் எந்த நாள் எண்டு அயல்ல கைப்பிள்ளக்காரியிட்ட கேட்டாச் சொல்லுவாள். எழுத்தில அவவ குடும்பநல உத்தியோகத்தர் எண்டுதான் போட்டிரிக்கும், அந்தப் பேரைக் கண்டு இது வேற ஆள் எண்டு நினைச்சு ஆக்கள் தடுமாறுறத நான் கண்டிரிக்கன்.

நீங்க இப்ப இரிக்கிற இடத்திலதான் பதியணும், ஐசி எண்ட அடையாள அட்டையில விலாசம் எங்க இரிக்கு எண்டு பாத்துப் பேசாம இரிக்காதீங்க. நம்மட பக்கம் கலியாணம் முடிச்சா மாப்பிள பொண்ணுட வீட்டுக்குத்தான் வாறது, அதால கனபேருக்கு அம்மாட வீடுதான் சொந்த வீடு, பிரச்சின இல்ல. ஆனா வேளாம வேலைக்கு எண்டு வாடியில போய் ரெண்டு மூண்டு மாசம் இரிக்கிற ஆக்கள், கொழும்பில புருசன் வேலை எண்டு அங்க இரிந்து பிள்ளப்பேறுக்கு மட்டும் ஊருக்கு வாற ஆக்கள், இவங்கதான் ரெண்டு பக்கமும் இல்லாம நடுவில விழுறாங்க. எனக்கு மூத்த பிள்ளைக்கு அப்பிடித்தான் நடந்தது, வாவிக்குக் கிழக்கால எழுவான்கரையில பதிஞ்சிட்டு மேற்கால படுவான்கரையில போய் இரிந்தன், அங்க கேட்டா அங்க வாங்குங்க எண்டாங்க, இங்க வந்து கேட்டா ஆள் இஞ்ச இல்லையே எண்டாங்க, கிளினிக்குக்கு ரெண்டு மாசம் போகவே இல்ல. மாறிப் போறதா இரிந்தா போக முதல் பழைய மிஸ்ஸிட்ட சொல்லிட்டு போங்க, கொப்பிய கையோட கொண்டு போய் புது மிஸ்ஸிட்ட முதல் கிழமையே காட்டுங்க. கொப்பி கையில இரிந்தா எந்த ஊரிலயும் உங்களப் பாக்கத்தான் வேணும்.

கொப்பி எண்டு சொல்றது கர்ப்பகாலப் பதிவேடு. ரெண்டு பிரதி இரிக்கும், ஒண்டு உங்கட கையில, மத்தது மிஸ்ஸிட்ட. அத அலுமாரிக்குள்ள சீல சட்டைக்குக் கீழ வச்சிட்டு கிளினிக் நாளைக்கு மட்டும் எடுக்கிறதில்ல, ஒவ்வொரு தரமும் வந்து திறந்து பாருங்க, என்ன எழுதினாங்க எண்டு. முதல்ல பாக்க வேண்டியது உயரத்துக்கு ஏத்த நிறை இரிக்கா எண்ட கணக்கு, பிஎம்ஐ எண்டு போட்டிரிக்கும். 18.5க்குக் கீழ எண்டா நீங்க மெலிவு, பிள்ள பிறக்கும் வரைக்கும் 12.5 கிலோவில இரிந்து 18 கிலோ வரைக்கும் ஏறணும். 18.5க்கும் 25க்கும் இடையில எண்டா 11.5ல இரிந்து 16 கிலோ. இந்தக் கணக்கு தெரிஞ்சா ஒவ்வொரு மாசமும் நீங்களே பாத்துக்கொள்ளலாம் ஏறுதா இல்லையா எண்டு. பிள்ள 2.5 கிலோவுக்குக் குறைவாப் பிறந்தா நிறை குறைஞ்ச பிள்ள எண்டு எழுதுவாங்க, அந்தக் குறை மறுகா அஞ்சு வருசத்துக்கும் பின்னால வரும். மத்தது இரத்தம், எச்பி எண்டு போட்டிரிக்கிற கணக்கு 11க்குக் கீழ போனா இரத்தம் காணாது.

இரத்தம் எண்ட உடனே குளிசை. குளிசைய எல்லாரும் வாங்குறாங்க, எல்லாரும் குடிக்கிறாங்க எண்டு சொல்ல ஏலா. வயித்தப் பிரட்டுது, மலம் கறுப்பாப் போகுது எண்டு பயந்து நிப்பாட்டுறாங்க. கறுப்பாப் போறது இரும்புச்சத்தால, அதுக்குப் பயப்படத் தேவல்ல. பிரட்டல் எண்டா ராச்சாப்பாட்டுக்குப் பிறகு படுக்கப் போகக்குள்ள குடிச்சா குறையும். முக்கியமானது இது, இரும்புக் குளிசையையும் கல்சியம் குளிசையையும் ஒண்டாப் போடாதீங்க, ஒண்ட ஒண்டு மறிக்கும், கல்சியத்த பகல்ல போடுங்க இரும்ப ராவையில போடுங்க. தேத்தண்ணி அதவிட மோசம். நம்மட ஆக்களுக்கு குளிசையையும் பிளேன்டீயோட குடிக்கிற பழக்கம் இரிக்கு, அந்த பிளேன்டீ இரும்ப உடம்பில சேர விடாது, குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் இடையில ரெண்டு மணித்தியாலமாவது விடுங்க. தண்ணியில குடிங்க, தேசிக்காப் புளி விட்ட தண்ணி எண்டா இன்னும் நல்லம். மூண்டு மாசம் கழிய பூச்சிக் குளிசை ஒண்டும் தருவாங்க, அதையும் பயப்படாமப் போடுங்க, வயல்ல செருப்பில்லாம நடக்கிற எங்களுக்கு அது கட்டாயம், கொக்கிப் புழு இரிந்தா நீங்க குடிக்கிற இரும்பு எல்லாத்தையும் அதுதான் உறிஞ்சும்.

சரி, திரிபோஷா. எங்கட அம்மம்மாட காலத்திலயே வந்தது, 1973ல தொடங்கினது, சோளமும் சோயாவும் பால்மாவும் சேத்து அதுக்குள்ள விற்றமின் கனிப்பொருள் கலந்து ஜாஎல பக்ரரியில செய்யிறது. கர்ப்பிணித் தாய்க்கு, பிள்ள பிறந்து ஆறு மாசம் வரைக்கும் பால் குடுக்கிற தாய்க்கு, ஆறு மாசத்துக்கும் அஞ்சு வயசுக்கும் இடையில நிறை குறைஞ்ச பிள்ளைக்கு. ஒரு ஆளுக்கு மாசம் ரெண்டு பக்கட், ஒரு பக்கட் 750 கிராம். இதுக்கு காசு ஒரு சதமும் இல்ல, வசதி குறைஞ்ச குடும்பங்களுக்கு அரசாங்கம் தாற அஸ்வெசும காசு கிடைக்குதா கிடைக்கலையா எண்டும் பாக்கிறதில்ல, உடம்பப் பாத்துத்தான் குடுக்கிறது. எனக்கு அஸ்வெசும வெட்டிட்டாங்க அதால இதுவும் வராது எண்டு ஒரு அக்கா கிளினிக்குக்கே வராம இரிந்தவ, அது வேற இது வேற.

ரெண்டு பக்கட் எண்டா 1500 கிராம், முப்பது நாளைக்கு பிரிச்சா நாளைக்கு 50 கிராம். வீட்டில தராசு இல்லாட்டி ஒரு பக்கட்ட வெட்டின நாளைக்கு மூடி இறுக்கமான போத்தில் ஒண்டுக்குள்ள கொட்டி, 15 நாளைக்கு வரணும் எண்டு கணக்கு வச்சு ஒரு கோப்பையால அளந்து பாருங்க, ரெண்டு நாளையில அளவு கைக்கு வந்திரும். இத நான் ஏன் இவ்வளவு இழுத்துச் சொல்றன் எண்டா, நம்மட வீடுகளில திரிபோஷா வந்த அண்டைக்கே பக்கட்ட உடைச்சு தேங்காப்பூவும் சீனியும் போட்டுக் குழைச்சு உருண்டை பிடிச்சு வீட்டில இரிக்கிற எல்லாருக்கும் ஒவ்வொண்டு குடுத்தா முடிஞ்சிரும். பிள்ளைகளுக்கு முன்னால தனிய இரிந்து தின்ன அம்மாவுக்கு மனம் வராது, எனக்கும் வரல்ல, மூத்தவன் பாத்துக் கொண்டு நிப்பான். ஆனா இத நல்லா யோசிச்சுப் பாருங்க கா, அஞ்சு பேர் பங்கிட்டா ஆளுக்கு ஒரு நாளைக்கு 10 கிராம், அது ஆருக்கும் ஒண்டும் செய்யாது, வயித்தில இரிக்கிறதுக்கும் சேராது. மூத்த பிள்ளைக்கு பயறோ கடலையோ அவிச்சுக் குடுத்திட்டு நீங்க உங்கட பங்கத் தின்னுங்க. மாமிமாருக்கும் புருசன்மாருக்கும் நான் கையெடுத்துச் சொல்றது, அது அவளுட தீன் இல்ல, உங்கட பேரப்பிள்ளட தீன், கோழிக்குஞ்சுக்கும் கண்டுக்குட்டிக்கும் போடாதீங்க.

திரிபோஷா ஏற்கனவே வேக வச்ச மா, அப்பிடியே தின்னலாம். தேங்காப்பூவும் கொஞ்சம் சக்கரையும் போட்டு பிசைஞ்சா போதும், வாழப்பழம் மசிச்சுப் பிசைஞ்சா சீனியே தேவல்ல. கைப்பிள்ளைக்கு எண்டா கொதிச்சு ஆறின தண்ணியில கட்டியாக் கரைச்சுக் குடுங்க, தண்ணியா கஞ்சி மாதிரிக் குடுத்தா வயிறு நிறையும் சத்து போகாது, கரண்டிய சரிச்சா ஒழுகாம நிக்கிற அளவுக்கு இரிக்கணும். பக்கட்ட வாங்கக்குள்ளயே திகதியப் பாருங்க, பூஞ்சணம் கட்டினதோ கசக்கிறதோ மணக்கிறதோ எண்டா தின்ன வேணாம், கொண்டு போய் மிஸ்ஸிட்ட காட்டுங்க. 2022 நெருக்கடியில சோளம் கிடைக்காம மாசக்கணக்கில திரிபோஷா வராம இரிந்தது எல்லாருக்கும் ஞாபகம் இரிக்கும், இப்பவும் சில மாசம் பிந்தும். வரல்ல எண்டு கிளினிக்க விட்டிராதீங்க, நிறுக்கிறதும் இரத்தம் பாக்கிறதும் பக்கட்டுக்காக இல்ல. அந்த மாசத்துக்கு குரக்கன் மா, பயறு, கௌப்பி, நிலக்கடலை வறுத்து அரைச்சு வச்சிக்கொள்ளுங்க.

இனி வவுச்சர். இது சுகாதாரப் பகுதியிட இல்ல, மகளிர் சிறுவர் அமைச்சிட, பிரதேச செயலகத்தால வாறது. 2015ல மாசம் 2,000 படி பத்து மாசத்துக்கு 20,000 எண்டு தொடங்கினாங்க, மறுகா 4,500 ஆக்கினாங்க, வரவு செலவுத் திட்டத்தோட தொகை மாறுறதால இந்த வருசம் எவ்வளவு எண்டு டிஎஸ் ஒபிசில, அதுதான் பிரதேச செயலகத்தில, கேட்டுக் கொள்ளுங்க. பத்து மாசம் எண்டா வயித்தில இரிக்கக்குள்ள ஆறு மாசம், பிள்ள பிறந்த பிறகு நாலு மாசம். இப்ப விளங்குதா நான் ஏன் பாதையில நிண்டு அந்தப் பிள்ளைய ஏசின எண்டு, ஏழாம் மாசம் வரைக்கும் இரிந்து பதிஞ்சா வயித்தோட இரிக்கிற அந்த ஆறு மாசத்துக் கணக்கில என்ன மிஞ்சும்.

இதுக்கு முதல்ல மிஸ் நீங்க பதிஞ்ச தாய் எண்டு உறுதிப்படுத்தணும், மறுகா பிரதேச செயலகத்தில முன்பிள்ளைப்பருவ அபிவிருத்தி உத்தியோகத்தர் எண்டு ஒரு ஆள் இரிப்பாங்க, அவங்களத்தான் கேட்டுப் பாக்கணும், கவுன்டரில நிண்டு போஷாக்கு காசு எங்க குடுக்கிற எண்டு கேட்டா அஸ்வெசும லைனில நிக்க விட்டிருவாங்க. போகக்குள்ள கர்ப்பகாலக் கொப்பி, ஐசி, ரெண்டிட போட்டோக் கொப்பியும் கொண்டு போங்க, புருசன்ட ஐசிக் கொப்பியும் ஒண்டு கையில இரிந்தா இன்னொருக்கா பஸ் ஏறுற மிச்சம். வவுச்சரக் கொண்டு போய் அவங்க சொல்ற கூட்டுறவுக் கடையிலயோ பதிஞ்ச கடையிலயோ சாப்பாட்டுச் சாமான் எடுக்கிற.

கடையில என்ன எடுக்கிற எண்டு வீட்டிலயே எழுதிக் கொண்டு போங்க. எனக்கு ஒரு கடையில, பேர் வேணாம், முட்ட முடிஞ்சு பருப்பு முடிஞ்சு எண்டு சொல்லி பிஸ்கட்டும் சோடாவும் சீனியும் கட்டித் தந்தாங்க, நானும் வெயிலுக்க நிண்டு களைச்சுப் போய் வாங்கிக் கொண்டு வந்திட்டன். அடுத்த மாசம் விடல்ல. இல்லாத சாமானுக்குப் பதிலா வேண்டாததக் கட்ட விடாதீங்க, நாளைக்கு வாறன் எண்டு சொல்லிட்டு வாங்க, பில்லையும் கேட்டு எடுங்க, றாக்கையில இரிக்கிற விலையும் பில்லில இரிக்கிற விலையும் ஒண்டா எண்டு பாருங்க. எடுக்க வேண்டியது முட்ட, பருப்பு, பயறு, கௌப்பி, கடலை, நெத்தலிக் கருவாடு, ரின் மீன், பால்மா இப்பிடி. அரிசி வீட்டில வேளாம இரிக்கிற ஆக்கள் அரிசிய எடுத்து வவுச்சர முடிக்காதீங்க. காய்கறி கீரைக்கு காசு செலவழிக்கத் தேவல்ல, முருங்க இல்லாத வளவு நம்மட பக்கம் எங்க இரிக்கு, பொன்னாங்காணி வல்லாரை வாய்க்கால் கரையில கிடக்கு, வாவியில கூனி பிடிக்கிற காலத்தில கூனிச் சுண்டலும் முருங்கையில வறையும் ஒரு பிள்ளத்தாச்சிக்கு கடையில இரிக்கிற எந்த ரின்னவிடவும் மேல. தேசிப்புளி சேத்தா கீரையில இரிக்கிற இரும்பு நல்லாச் சேரும்.

பிள்ள பிறந்த உடனே செய்ய வேண்டியது, ஆஸ்பத்திரியால வந்த அண்டைக்கே மிஸ்ஸுக்கு அறிவிக்கிறது. முதல் பத்து நாளைக்குள்ள அவ ரெண்டு தரம் வீட்டுக்கு வந்து பாக்கணும், நீங்க சொன்னாத்தானே தெரியும். பெரியாஸ்பத்திரியில பிள்ளையப் பெத்திட்டு சித்தி வீட்டில போய் இரிந்தா எந்த வீடு எண்டு சொல்லி விடுங்க. ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும், தண்ணியும் வேணாம், சீனித் தண்ணி தேன் ஒண்டும் வேணாம். பத்தியம் எண்டு சொல்லி பெத்தவளுக்கு மீனும் மரக்கறியும் குடுக்காம சோறும் மிளகுத் தண்ணியும் மட்டும் குடுக்கிறத தயவு செஞ்சு விடுங்க, நம்மட சரக்குக் கறி நல்லம், பால்சுறா வறை நல்லம், முருங்கையில நல்லம், அதெல்லாம் முன்னோர் காரணத்தோட வச்சது, ஆனா அதோட சோறு கறி வயிறு நிறையக் குடுங்க, இல்லாட்டி பால் எங்க இரிந்து வாறது. திரிபோஷா அம்மாவுக்கு ஆறு மாசம் வரைக்கும் வரும், மறக்காம எடுங்க, பிள்ள பிறந்தா முடிஞ்சு எண்டு கனபேர் விட்டிருறாங்க.

ஆறு மாசம் முடிய பிள்ளட கொப்பிதான் ராசா. ஆம்பிளப் பிள்ளைக்கு நீலம், பொம்பிளப் பிள்ளைக்கு றோசா, அதுக்குள்ள நிறைக் கோடு கீறுற பக்கம் ஒண்டு இரிக்கு. பச்ச, இளம்பச்ச, செம்மஞ்சள், சிவப்பு எண்டு கீழ கீழ நிறம் மாறும். ரெண்டு வயசு வரைக்கும் மாசத்துக்கு ஒருக்கா நிறுக்கணும், மறுகா அஞ்சு வயசு வரைக்கும் மூண்டு மாசத்துக்கு ஒருக்கா. இதில ஆக்கள் விடுற பிழை என்னெண்டா நிறத்த மட்டும் பாக்கிறது. பிள்ள பச்சையிலதானே நிக்கிது எண்டு நிம்மதியா இரிப்பாங்க, ஆனா கோடு மூண்டு மாசமா நேராப் போகுது, ஏறல்ல. கோடு ஏறணும், அதுதான் கணக்கு. என்ட ரெண்டாவது மகள் எட்டாம் மாசம் பச்சைக்குள்ளதான் நிண்டவள், ஒன்பது பத்தில கோடு படுத்திட்டு, காய்ச்சல் வந்து தின்னாம இரிந்தவள், சரியாகும் எண்டு நானும் விட்டிட்டன், ஒரு வயசில செம்மஞ்சளுக்குள்ள இறங்கிட்டாள். திருப்பி ஏத்த ஏழு மாசம் எடுத்தது. கோடு படுத்த அண்டைக்கே கேட்டிரிந்தா அவ்வளவு பாடு இல்ல.

கோடு படுத்தாலோ கீழ விழுந்தாலோ மிஸ்ஸிட்ட நீங்களாக் கேளுங்க, மிஸ் இவளுக்கு ஏன் ஏறல்ல, திரிபோஷா பதியலாமா எண்டு. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் குடுக்கிறாங்க என்ட பிள்ளைக்கு இல்லையாம் எண்டு சண்டைக்குப் போறவங்களும் இரிக்காங்க, அது ஆளப் பாத்துக் குடுக்கிறதில்ல, கோட்டப் பாத்துக் குடுக்கிறது, உங்கட பிள்ள நல்லா ஏறுது எண்டா அது சந்தோசமான விசயம். சிவப்புக்குள்ள போனா, இல்லாட்டி உயரத்துக்கு நிறை ரொம்பக் காணாட்டி எம்ஓஎச் டொக்டரிட்டயோ ஆஸ்பத்திரிக்கோ அனுப்புவாங்க, பிபி 100 எண்டு பிஸ்கட் மாதிரி ஒரு கட்டி குடுப்பாங்க, அது மருந்து மாதிரி, அந்தப் பிள்ளைக்கு மட்டும், அண்ணன் அக்காவுக்கு ருசி பாக்கக் குடுக்கிறதில்ல. அனுப்பினா அண்டைக்கே போங்க, வேளாம வெட்டு முடியட்டும் எண்டு பிந்தாதீங்க.

6, 12, 18 மாசங்களில சின்னப் பக்கட்டுகளில ஒரு தூள் தருவாங்க, ஒவ்வொரு தரமும் ரெண்டு மாசத்துக்கு, நாளைக்கு ஒண்டு. பிசைஞ்ச சோத்தில முதல் ரெண்டு மூண்டு வாய்க்குள்ள கலந்து குடுத்திருங்க, சுடுசோத்தில போடாதீங்க, எல்லாச் சோத்திலயும் கலந்திட்டு பிள்ள பாதிய வச்சா பாதி மருந்து போச்சு. ஆறு மாசத்தில இரிந்து ஆறு மாசத்துக்கு ஒருக்கா விற்றமின் ஏ, ஒன்றரை வயசில இரிந்து பூச்சி மருந்து, ரெண்டும் அஞ்சு வயசு வரைக்கும். ஊசி எல்லாம் முடிஞ்சு இனி என்ன கிளினிக் எண்டு நிக்கிற வயசிலதான் இது விடுபடுறது. மூண்டு வயசுக்குப் பிறகு முன்பள்ளிக்கு விட்டா அரசாங்கத்தால காலச் சாப்பாடு குடுக்கிற முன்பள்ளியா எண்டு கேளுங்க, குடுக்கிற பள்ளி எண்டா அங்க தின்னுறத மிச்சம் பிடிச்சு வீட்டில காலையில ஒண்டும் குடுக்காம அனுப்பாதீங்க.

அம்மா வெளிநாடு போய் அம்மம்மா பிள்ளைய வளக்கிற வீடு நம்மட ஊரில எத்தினை. அம்மம்மாமாரே, நீங்க கொண்டு போனாலும் நிறுப்பாங்க, நீங்க கேட்டாலும் தருவாங்க, கொப்பியக் கொண்டு போனாச் சரி. எழுத வாசிக்கத் தெரியாட்டி கோடு ஏறுதா இறங்குதா எண்டு விரலால காட்டச் சொல்லுங்க, வெக்கப்பட ஒண்டும் இல்ல. சௌதிக்கு வீடியோ கோல் எடுக்கக்குள்ள அந்தப் பக்கத்தையும் மகளுக்குக் காட்டுங்க, அவ அங்க இரிந்து ஏங்கிறது அதுக்குத்தான்.

உங்கட ஊருக்கு மிஸ் இல்ல, இடமாற்றம் போய் வேற ஆள் வரல்ல எண்டா பேசாம இரிக்காதீங்க, பதிலுக்கு ஆரோ ஒரு மிஸ் பாத்துக் கொண்டுதான் இரிப்பா, எம்ஓஎச் ஒபிசில மேற்பார்வை செய்யிற மிஸ்ஸும் பொதுச் சுகாதார தாதிய சகோதரியும் இரிப்பாங்க, அவங்களிட்டக் கேட்டா ஆர் எண்டு சொல்லுவாங்க. டிஎஸ் ஒபிசில அலைக்கழிச்சா எந்த நாள் போனீங்க, ஆர் என்ன சொன்னாங்க எண்டு கொப்பிக்குப் பின்னால எழுதி வைங்க, அடுத்த தரம் போகக்குள்ள அந்தத் திகதியச் சொல்லிக் கேட்டா பதில் வேற மாதிரி வரும். போனில எண்டா 1919 அரசாங்கத் தகவல் நம்பர், தமிழிலயே கேக்கலாம்.

கடைசியா கார்த்திகை மார்கழி மழைக் கணக்கு. கிரான் பாலத்துக்கு மேலால தண்ணி ஓடக்குள்ள புலிபாய்ந்தகல் பக்கம் ஆக்கள் எப்பிடித் துண்டுபட்டுப் போறாங்க எண்டு தெரியும், எங்கட பக்கம் பாதையும் நிண்டிரும். அதால ஐப்பசிக் கிளினிக்கிலயே மிஸ்ஸிட்ட கேளுங்க, மழை வந்தா எங்க வாறது, குளிசை கூடத் தரலாமா எண்டு. பிள்ளட கொப்பி, உங்கட கொப்பி, ஐசி, வவுச்சர் நாலையும் ஒரு பொலித்தீன் பேக்கில சுத்தி, அத இன்னொரு பேக்கில போட்டு இறுக்கிக் கட்டி, நிலத்தில இல்லாம கூரை வளையில கொழுவி வைங்க. இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தில போய் இரிந்தாலும் அங்கயும் மிஸ் வருவா, அந்த பேக்க அவிழ்த்து நான் இன்ன மாசம், பிள்ளைக்கு இன்ன வயசு எண்டு முதல் நாளே காட்டுங்க.